வீட்டில் மூன்று பேருக்கு அரிப்பு, மூன்று பேருக்கும் ஒரே டியூப். எல்லாம் ஒரே எக்சிமாதானா?

கேட்டவர்: குலசேகரம் ரப்பர்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் குலசேகரம் பக்கம். சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பால் வெட்டுவதும், அதை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பதும் நானேதான். வீட்டில் மூன்று பேருக்கு அரிப்பு, அதைப் பற்றிக் கேட்க வந்தேன்.

எனக்குக் கையில். புறங்கையும் விரல்களின் மேல்பக்கமும் வறண்டு தடித்து, மடக்குகிற இடத்தில் வெடித்திருக்கிறது. வலது கையைவிட இடது கையில் அதிகம். ஷீட் அடிக்கிற அன்றைக்கு எரிச்சல், அடுத்த ஒன்றிரண்டு நாளில் அரிப்பு. மழை தொடங்கினால் கூடிவிடும். போதாததற்கு இரண்டு பாதத்தின் மேலும், செருப்பு வார் படுகிற இடத்தில், கறுத்துத் தடித்து நிற்கிறது.

மகளுக்கு ஆறு வயது. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம், கழுத்துச் சுருக்கம், இங்கெல்லாம் சிவந்து சொரசொரப்பாக இருக்கிறது. ராத்திரி தூக்கத்திலேயே சொறிகிறாள். காலையில் விரிப்பில் ரத்தப் பொட்டுகள்.

அம்மாவுக்கு 64 வயது. இடது கால் கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கம், தோல் கரும்பழுப்பாகி அரிக்கிறது. சில நாள் நீர் கசிகிறது.

அம்மா சந்தைக்குப் போன இடத்தில் ஒரு மருந்துக்கடையில் காலைக் காட்டியிருக்கிறார். "எக்சிமா" என்று சொல்லி ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டதும் நன்றாக அடங்கியது. அதனால் பிள்ளைக்கும் போட்டார், எனக்கும் கொடுத்தார். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது. அட்டையில் க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று மூன்று பெயர் இருக்கிறது.

மூன்று பேருக்கும் இருப்பது ஒரே நோயா? ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியதா? பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்கணுமா? இது கரப்பான், அதனால் மீனும் கத்தரிக்காயும் வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் அம்மா. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் இல்லாமல் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொளச்சல் போட்டுக்காரன்

தம்பி, இது படர்தாமரை. யோசிக்கவே வேண்டாம். எனக்கு இடுப்பில் வட்டம் வட்டமாக வந்தது, ஓரம் தடித்து நடுவில் தெளிந்து. எங்கள் மீன்பிடிப் போட்டில் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஈரத் துணியோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் வராமல் என்ன செய்யும்? நீங்கள் சொன்ன அதே மூன்று மருந்து உள்ள டியூப்தான் நானும் போடுகிறேன். போட்டால் போகும், விட்டால் வரும். தொடர்ந்து போடுங்கள்.

---

தக்கலை சிஸ்டர் (ஓய்வு)

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலான வருஷம் தோல் ஓபியில்தான். டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். ஆனால் "தொடர்ந்து போடுங்கள்" என்பதைப் பார்த்த பிறகு சும்மா போக முடியவில்லை.

தம்பி, டாக்டரைப் பார்க்கிறவரை அந்த டியூப்பை மூடி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். க்ளோபெட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகை. டாக்டர் பார்த்து, இந்த இடத்துக்கு, இத்தனை நாளைக்கு என்று எழுதினால் நல்ல மருந்து. கையில் தடித்த தோலுக்கு எழுதவும் செய்வார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் மாதக்கணக்கில் போடுவது வேறு கதை. அங்கே தோல் மெல்லியது. மருந்து அதிகம் உள்ளே இறங்கும், தோல் இன்னும் மெலிந்து நரம்பு தெரியும், கோடு விழும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. இறுக்கி என்ன, சந்தைக்குப் போகிற வழியில் இன்னும் கிடைக்கிறது.

இன்னொன்று. இந்த வகைக் களிம்பு எந்த அரிப்பையும் கொஞ்ச நாளைக்கு அடக்கும். எக்சிமாவும் அடங்கும், படர்தாமரையும் மேலுக்கு அடங்கும், சிரங்கும் மறைந்து கிடக்கும். ஆகவே "போட்டால் போகிறது" என்பது நோய்க்கு அடையாளமே இல்லை.

ஒரு வீட்டில் மூன்று பேர் சொறிகிறார்கள் என்றால் எங்கள் ஓபியில் முதலில் தேடுவது சிரங்கைத்தான். அதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன: விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, ஆண்களுக்கு உறுப்பின் மேல். ராத்திரியில் அரிப்பு தாங்க முடியாது. அது ஒட்டும். வீட்டில் அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே ராத்திரியில் மருந்து பூச வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த இடங்களில் பொடிப்பொடியாகப் பரு உண்டா என்று பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இடங்கள் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது.

அது இல்லையென்றால், உங்கள் வீட்டில் இருப்பது மூன்று விதமான எக்சிமாவாக, அதாவது தோல் அழற்சியாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர் ஒன்று, காரணம் வேறு வேறு. எதுவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பிள்ளையை உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள், பாவம்.

பிள்ளைக்கு இருப்பது அடோபிக் வகை போலத் தெரிகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது கன்னத்தில் வந்து நீர் கசிந்ததா என்று அவள் அம்மாவிடம் கேளுங்கள். வளர வளர அது முழங்கை மடிப்புக்கும் முட்டிப் பின்பக்கத்துக்கும் இறங்கும். காலையில் அடுக்குத் தும்மல் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது மூச்சிழுப்பு? இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து நடமாடும். இந்தப் பிள்ளைகளின் தோல் பிறவியிலேயே ஈரத்தைப் பிடித்து வைக்காது. வறண்டால் அரிக்கும், சொறிந்தால் தோல் உடையும், உடைந்தால் இன்னும் அரிக்கும். அதனால் முதல் வைத்தியம் ஈரத்தைக் காப்பதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, உடம்பு முழுதும் காய்வதற்குள் வாசனை இல்லாத களிம்போ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். தினமும் இரண்டு வேளை, அரிப்பு இல்லாத நாளிலும். வீட்டில் காய்ச்சிய தேங்காய் உருக்கெண்ணெய் இருந்தால் அதுவும் ஆகும், பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால். பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பது, "அழுக்கு போகட்டும்" என்று பயத்தமாவு போட்டு உரசுவது, இரண்டும் வேண்டாம். அது அழுக்கு இல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அதற்கு மேல் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். பல பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமி ஏறியிருக்கிறது என்று பொருள். காய்ச்சலோடு, குத்தி எடுத்தது போன்ற சின்னச் சின்னக் குழிப்புண்கள் கூட்டமாக வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது.

அம்மாவுக்கு நோய் தோலில் தொடங்கவில்லை, ரத்த நரம்பில். சாயங்காலம் கால் வீங்குமா? தொடையிலோ கெண்டையிலோ நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறதா? நின்றே வேலை பார்த்தவரா? காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவதால் வருகிற எக்சிமா இது. கணுக்காலின் உட்பக்கம் கரும்பழுப்பாவது அதன் முகவரி. இதற்கு எந்த டியூப்பை எவ்வளவு போட்டாலும் தேக்கம் தீராமல் நோய் தீராது. உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், நடக்க வேண்டும், டாக்டர் சொன்னால் இறுக்கமான காலுறை போட வேண்டும். காலுறையை நீங்களே வாங்கி மாட்டிவிடாதீர்கள். காலுக்கு வருகிற ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதைப் போடலாம், முக்கியமாகச் சர்க்கரை இருந்தால். அப்படியே விட்டால் அந்த இடத்தில்தான் ஆறாத புண் விழும். இந்தக் கால்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, பூசுகிற மருந்தே ஒவ்வாமல் போவது. அந்த டியூப்பில் இருக்கும் நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி அதில் பேர் போனது. நீர் கசிவு அதனாலும் இருக்கலாம்.

இனி உங்கள் கை. எனக்குச் சில கேள்விகள். மழைக்காலத்தில் மரத்தின் வெட்டுப் பட்டையில் என்ன மருந்து தேய்க்கிறீர்கள்? வெட்டு நனையாமல் மறைக்கிற ரெயின் கார்டை மரத்தில் ஒட்டும் கறுப்புப் பசை கையில் பட்டால் எதை வைத்துத் துடைக்கிறீர்கள்? வெட்டுவதற்கு முன்னால் பட்டையில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை எந்தக் கையால் இழுத்து எடுக்கிறீர்கள்? கையுறை போடுவீர்களா, போட்டால் எந்தக் கையுறை? செருப்பு என்ன?

கொளச்சல் அண்ணன், உங்களுக்கு இருப்பது நீங்கள் சொல்வதைப் பார்த்தால் படர்தாமரையேதான். அதனால்தான் உங்கள் டியூப் உங்களுக்கும் ஆகாது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சை அடியில் சுகமாகப் படரும். விட்டால் வருவது அதனால்தான். ஓரத்தில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதே மாதிரி வட்டமாக வருகிற எக்சிமாவும் உண்டு, நாணய அளவில், அதிகமும் கை கால்களில். ஆனால் அதில் நடுப்பகுதி தெளியாது. வட்டம் முழுக்கச் சொரசொரப்பாகவோ கசிந்துகொண்டோ இருக்கும். உங்கள் போட்டில் பாதிப் பேருக்கு என்றால் துண்டு, கைலி மாற்றிக் கட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

---

கருங்கல் அக்கா

சிஸ்டர் சொன்னதைப் படித்தபோது எங்கள் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, நினைவுதான். வறுத்த அண்டியைத் தல்லி உடைக்கும்போது தொண்டிலிருந்து, அதாவது ஓட்டிலிருந்து, வருகிற கறுப்பு எண்ணெய் விரலில் பட்டால் முதலில் பொள்ளும், அப்புறம் கறுக்கும், அப்புறம் பாம்புச் சட்டை மாதிரி உரியும். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உட்காருவோம், சிலர் ஆமணக்கெண்ணெய். கையுறை கொடுத்தாலும் பருப்பு உடையாமல் எடுக்க விரல்நுனி தெரிய வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி, யார் போடுவார்? வேலையை விட்ட பிறகு எனக்குத் தானாகச் சரியாகிவிட்டது. கூட இருந்த ஒருத்திக்கு இன்றுவரை சரியாகவில்லை. ஏன் அப்படி?

என் மகளுக்கு வேறு மாதிரி. நாகர்கோவிலில் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள். விரல்களின் பக்கவாட்டில் ஜவ்வரிசி புதைந்தது போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பு. பிறகு காய்ந்து உரிகிறது, கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வருகிறது. கோடையில் அதிகம். இதுவும் எக்சிமாதானா?

---

குலசேகரம் ரப்பர்காரன்

சிஸ்டர், நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. வீட்டில் எல்லோரையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தோம். விரல் இடுக்கிலோ தொப்புளைச் சுற்றியோ யாருக்கும் எதுவும் இல்லை. மனைவிக்கு அரிப்பே கிடையாது.

பிள்ளைக்குக் கைக்குழந்தையில் கன்னத்தில் இருந்தது, அப்போது "பால் கரப்பான்" என்றார்கள். தும்மல் உண்டு. என் அப்பாவுக்கு இழுப்பு இருந்தது.

அம்மாவுக்கு நரம்பு புடைத்திருக்கிறது. அது எப்போதும் இருப்பதுதானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார்.

என் விஷயம். பட்டையில் தேய்ப்பது மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி. கறுப்புப் பசையை மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைப்பேன், இங்கே எல்லோரும் அப்படித்தான். ஒட்டுப்பாலை இழுப்பது இடது கையால். வலது கையில் கத்தி இருக்குமே. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. ஷீட்டுக்கு ஃபார்மிக் ஆசிட் கலக்கும்போது ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தேன், அதில் கை இன்னும் மோசமானது, விட்டுவிட்டேன். செருப்பு சாதாரண ரப்பர் செருப்பு.

ஒரு சந்தேகம். சின்ன வயதிலிருந்தே ரப்பர் பாலில் கை வைக்கிறேன். ரப்பர் ஒத்துக்கொள்ளாது என்றால் அப்போதே வந்திருக்க வேண்டாமா?

---

வடசேரி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தலையில் பொடுகு, புருவத்திலும் மூக்கின் இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் செதில். "வறட்சி, தினமும் தேங்காய் எண்ணெய் வை" என்கிறார்கள். வைத்தால் கூடுகிறது. இதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

---

தக்கலை சிஸ்டர் (ஓய்வு)

வடசேரிக்கு முதலில், சுருக்கமாக. சேரும். செபோரிக் வகை. தோலில் எல்லோருக்கும் இருக்கிற ஒரு ஈஸ்ட், எண்ணெய் சுரக்கிற இடங்களில் கூடுவதால் வருவது. எண்ணெய் அதற்குத் தீனி. தலையில் எண்ணெயை ஊற வைப்பதை நிறுத்திவிட்டு, கீட்டோகொனசோல் ஷாம்பூ பற்றி டாக்டரிடம் கேளுங்கள். குறையும், திரும்ப வரும், திரும்பக் குறைக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் உடம்புக்கு நான் எண்ணெய் ஆகும் என்றதும் உங்கள் தலைக்கு ஆகாது என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை, இரண்டும் வேறு நோய்.

கருங்கல் அக்கா, தொண்டு எண்ணெய் செய்வது நேரடியான காயம். யார் கையில் பட்டாலும், போதுமான அளவு பட்டால் பொள்ளும். அதை நிறுத்தினால் தோல் ஆறும், உங்களுக்கு நடந்தது அதுதான். சிலருக்கு இதோடு நிற்காது. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு துளி பட்டாலும், பட்ட இடத்தைத் தாண்டியும், ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்துக் கிளம்பும். அது அலர்ஜி. அந்தக் கூட்டாளி வீட்டில் சோப்புத் தூளில் பாத்திரம் கழுவுகிறாரா என்றும் கேளுங்கள். ஒருமுறை கெட்ட கை எந்த ஈரத்தையும் தாங்காது. மீன் விற்கிறவர்கள், கொத்தனார்கள், தோவாளையில் சிவந்திப் பூக் கட்டுகிறவர்கள் என்று கை எக்சிமாவோடு வராத நாளே எங்கள் ஓபியில் கிடையாது.

மகளுக்கு நீங்கள் சொன்ன ஜவ்வரிசியே போதும், பாம்ஃபோலிக்ஸ் என்பார்கள். கை எக்சிமாவில் ஒரு வகை. வேர்வை, மன அழுத்தம், சிலருக்கு நிக்கல், எல்லாம் கிளப்பும். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். பாதத்தில் பூஞ்சை இருந்தால் அதன் எதிரொலியாகவும் கையில் இப்படி வருவதுண்டு, அதனால் கால் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்லர் என்கிறீர்கள், ஹேர் டையில் இருக்கும் பிபிடி என்ற பொருளுக்கு அலர்ஜி வருவது அந்தத் தொழிலில் சகஜம். டை போடுகிற வேலைக்குப் பிறகு கூடுகிறதா என்று அவளே கவனிக்கட்டும்.

இனி தம்பிக்கு. "சின்ன வயதிலிருந்தே தொடுகிறேன், இப்போது எப்படி வரும்?" என்று கேட்காதவர் எங்கள் ஓபியில் யாருமே இல்லை. அலர்ஜிக்கு முன் பழக்கம் வேண்டும். பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்த பொருளுக்கு ஒருநாள் உடம்பு எதிர்ப்புக் காட்டத் தொடங்கும். சிமெண்டில் இருக்கும் குரோமேட்டால் கை கெட்ட கொத்தனார்கள் இதையேதான் சொல்வார்கள்.

அதைவிட முக்கியம், நீங்கள் மரத்திலிருந்து எடுக்கிற பாலும் உங்கள் செருப்பில் இருக்கிற ரப்பரும் ஒன்றல்ல. பாலில் இருக்கும் புரதத்துக்கு அலர்ஜி என்றால் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்புத் தடிப்பாக எழும்பும், மூக்கு ஒழுகும். உங்களுக்கு அப்படி இல்லை. ஷீட் உங்கள் கையை விட்டுப் போன பிறகு, செருப்பும் கையுறையும் செய்கிற இடத்தில் ரப்பரை இறுக்குவதற்குச் சில ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். தைராம், கார்பமேட், மெர்காப்டோ என்று பெயர்கள். செருப்பு வார் படுகிற இடத்தில் மட்டும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, வார் அகலத்துக்குத் தடித்திருக்கிறது என்றால் அந்த ரசாயனங்கள் மேல்தான் முதல் சந்தேகம். ரப்பர் கையுறை போட்டதும் கை மோசமானது என்பதும் அதே பக்கம் இழுக்கிறது.

இப்போது பட்டை மருந்து. மான்கோசெப் டைதயோகார்பமேட் என்ற ரசாயனக் குடும்பம். செருப்பு ரப்பரில் சேர்க்கிற கார்பமேட்டுக்கும் தைராமுக்கும் நெருங்கிய சொந்தம். தோலுக்கு அலர்ஜி உண்டாக்கக் கூடியது என்று தெரிந்த மருந்து. மழைக்காலத்தில் தேய்க்கிறீர்கள், மழைக்காலத்தில் கூடுகிறது. மருந்து தேய்த்த பட்டையிலிருந்து ஒட்டுப்பாலை இழுக்கிற இடது கையில் அதிகம். கையும் காலும் ஒரே காரணத்தால் இருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். மண்ணெண்ணெயும் ஃபார்மிக் ஆசிடும் சேர்ந்து தோலை ஏற்கெனவே உடைத்து வைத்திருக்கின்றன. எரிச்சல் அன்றைக்கே வருவது அவற்றின் வேலை, அரிப்பு தாமதமாக வருவது அலர்ஜியின் வேலை. உங்கள் கையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

இதைப் பிரித்துச் சொல்வது பேட்ச் டெஸ்ட். சந்தேகப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும் டேப்பில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாவது முறை போகாமல் விட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்த நாள்களில் முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. ஆகவே வெட்டு நடக்கும்போது போய் ஒட்டிக்கொண்டு வந்து மலையேறினால் வீண். மாசி பங்குனியில் இலை உதிர்ந்து வெட்டு நிறுத்துவீர்களே, அப்போது வைத்துக்கொள்ளுங்கள். பார்லர் மகளுக்கும் இதையேதான் சொல்வேன்.

அதுவரை: பசையை மண்ணெண்ணெயில் துடைப்பதை இன்றைக்கே விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு மிதமான சோப்பில் கழுவினால் போகும், நேரம்தான் ஆகும். ஆசிட் கலக்கும்போதும் பட்டை மருந்து தேய்க்கும்போதும் உள்ளே மெல்லிய பருத்தி உறை, மேலே பிவிசி கையுறை. உள்ளே நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், நனைந்த உறை வெறுங்கையைவிட மோசம். செருப்பை மாற்றிப் பாருங்கள், ரப்பரும் தோலும் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக் செருப்பு. வேலை முடிந்ததும் கையில் ஜெல்லி.

மீன் விஷயம் விட்டுப் போயிற்று. குறிப்பிட்ட ஒரு மீனோ முட்டையோ சாப்பிட்ட சற்று நேரத்தில் பிள்ளைக்குத் தடிப்போ வாந்தியோ வந்திருந்தால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் வளர்கிற பிள்ளைக்குச் சாளையை நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் கைக்கும் அம்மாவின் காலுக்கும் சாளைக்கும் சம்பந்தமே கிடையாது. அம்மா கோபிப்பார், பரவாயில்லை.

---

கொளச்சல் போட்டுக்காரன்

சிஸ்டர், சுரண்டிப் பார்த்தாயிற்று. பூஞ்சைதான். மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்திருக்கிறார்கள், வட்டம் மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை நிறுத்தக்கூடாதாம். பழைய டியூப்பைப் பார்த்ததும் டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

---

குலசேகரம் ரப்பர்காரன்

வருகிற புதன்கிழமை மூன்று பேரும் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பிளாஸ்டிக் செருப்பு வாங்கியாயிற்று, நடக்கும்போது வழுக்குகிறது, பார்க்கலாம். ஆசிட் கேனையும் மருந்துப் பாக்கெட்டையும் டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகட்டுமா?

---

தக்கலை சிஸ்டர் (ஓய்வு)

ஐயோ, ஆசிடைப் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். லேபிளை போனில் படம் எடுங்கள், மான்கோசெப் பாக்கெட்டையும் அப்படியே. அந்த டியூப்பும் அட்டையும், பழைய செருப்பும், போட்டுப் பார்த்த ரப்பர் கையுறை இருந்தால் அதுவும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேட்ச் டெஸ்ட் பற்றி அங்கேயே கேளுங்கள். அம்மாவின் சர்க்கரைச் சீட்டு மறக்க வேண்டாம். காலை நரம்புக்காகவும் பார்க்கணும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் தோலோடு முடிந்துவிடும். அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு எதுவும் தடவ வேண்டாம், தோல் இருக்கிறபடி தெரியட்டும். முக்கியமாக, ஓபி சீட்டு மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். வரிசை நீளம் என்று ஒரே சீட்டில் மூன்று பேரைக் காட்ட நின்றால், திரும்பவும் ஒரே டியூப்போடுதான் வீட்டுக்கு வருவீர்கள்.